ஸரத்தானும் மூலிகையும்: வாய்ப்புற்றுநோய் மருத்துவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரபு மருத்துவ நூல்கள் புற்றுநோயை 'ஸரத்தான்' என்னும் பெயரால் குறிக்கின்றன. நண்டு என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். வானநூலார் கடக ராசியைக் குறிக்கவும் இதே சொல்லைக் கையாண்டனர். கட்டியைச் சுற்றிப் புடைத்தோடும் நரம்புகள் நண்டின் கால்களை ஒத்திருந்தமையால் கிரேக்க மருத்துவர்கள் சூட்டிய பெயரை, பக்தாதின் மொழிபெயர்ப்பாளர்கள் பொருள் மாறாமல் அரபியில் தந்தனர். தமிழ் மரபோ இந்நோயைக் கரையான் புற்றோடு ஒப்பிட்டது. மண்ணுக்கு மேலே தெரிவதைவிட உள்ளே பரந்து கிடப்பது மிகுதி என்னும் உண்மை, நண்டைவிடப் புற்றுக்கு நன்கு பொருந்துகிறது.

உலகில் 2022ஆம் ஆண்டில் உதடு, வாய் ஆகிய உறுப்புகளில் தோன்றிய புதிய புற்றுநோய்கள் ஏறத்தாழ 3,89,000 எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. அவற்றுள் ஏறத்தாழ 1,43,000, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை, இந்தியாவுக்கு உரியவை. ஆகவே, இந்நோய்க்குத் தாவரங்களிலிருந்து மருந்து கிடைக்குமா என்னும் கேள்வி நம் நாட்டவருக்கு வெறும் நூலாராய்ச்சிக் கேள்வி அன்று. கருஞ்சீரகம் புற்றைக் கரைக்கும் என்றும், மஞ்சள் இருக்க அறுவை எதற்கு என்றும் சொல்லக் கேட்டு, மருத்துவமனைப் படியேற வேண்டிய நாட்களை வீட்டிலேயே கழித்துவிடும் நோயாளர் உளர். இதற்கு நேர்மாறாக, மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என ஒதுக்குவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் நம் முன்னோரான ஹகீம்களின் ஏடுகளில் விடை இருக்கிறது. அவ்விடை ஏதேனும் ஒரு மருந்தின் பெயராக இல்லாமல், மருந்தைச் சோதிக்கும் முறையாக இருப்பதே அதன் சிறப்பு.

ஸரத்தானைப் பற்றி முன்னோர் சொன்னவை

அண்டலூசியாவின் பெரும் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி (மறைவு ஏறத்தாழ ஹிஜ்ரி 404 / கி.பி. 1013) தமது 'அத்-தஸ்ரீஃப்' என்னும் பெருநூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கென ஒதுக்கினார். ஸரத்தான் தொடக்க நிலையிலும், முழுவதுமாக வெட்டி எடுக்கக்கூடிய இடத்திலும் இருந்தால் அதனை வேரோடு அகற்றிச் சூடிடலாம் என்பது அவருடைய நெறி. பெரிதாகிப் பழகிவிட்ட கட்டியை நெருங்க வேண்டாம் என்று எச்சரிக்கும் அவர், அத்தகைய ஒன்றைத் தாம் ஒருபோதும் குணப்படுத்தியதில்லை என்றும், தமக்கு முன் எவரும் குணப்படுத்தக் கண்டதில்லை என்றும் ஒளிவின்றி எழுதிவைத்தார். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் பாடமாகப் பயின்ற ஒரு பேராசான், தமது இயலாமையை மாணவர்களுக்கு இவ்வாறு எழுத்தில் விட்டுச் சென்றது மருத்துவ அறத்தின் உச்சம் எனலாம்.

ஷேக்குர் ரயீஸ் இப்னு ஸீனாவின் (ஹிஜ்ரி 370-428 / கி.பி. 980-1037) கருத்தும் இதற்கு மாறுபட்டதன்று. 'அல்-கானூன் ஃபித் திப்' நூலில் அவர், தொடக்கத்தில் கண்டறியப்பட்ட ஸரத்தானை வளரவிடாமலும் புண்ணாகாமலும் தடுத்து வைப்பது இயலும் என்றும், சிறிய கட்டியை அறுத்தெடுப்பதாயின் அதனைச் சுற்றியுள்ள பகுதியையும், அதற்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்களையும் விட்டுவைக்கக் கூடாது என்றும் கூறினார். நோயுற்ற திசுவைச் சுற்றி நலமான திசுவின் ஒரு விளிம்பையும் சேர்த்து அகற்ற வேண்டும் என்னும் இன்றைய அறுவை நெறியை இது நினைவூட்டுகிறது. முன்கூட்டியே கண்டறிதல், முழுமையாக அகற்றுதல், அகற்ற இயலாதபோது பொய் நம்பிக்கை அளிக்காதிருத்தல் ஆகிய மூன்றும் இம்மரபின் அடித்தளம்.

மருந்தைச் சோதிக்க ஏழு நிபந்தனைகள்

கானூனின் இரண்டாம் நூல், ஏறத்தாழ 800 தனிமருந்துகளைப் பற்றியது. மருந்துகளின் பட்டியலைத் தொடங்குமுன், ஒரு பொருளின் மருத்துவக் குணத்தை அனுபவச் சோதனையால், அதாவது 'தஜ்ரிபா'வால், அறிவதற்கு இப்னு ஸீனா ஏழு நிபந்தனைகளை வகுக்கிறார். அவற்றின் சாரம் வருமாறு:

முதலாவது, சோதிக்கப்படும் மருந்து, வெளியிலிருந்து வந்தேறிய வெப்பம், குளிர்ச்சி முதலிய குணங்கள் அற்றதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, பல நோய்கள் கலந்த உடலில் அன்றித் தனியொரு நோயில் அது சோதிக்கப்படல் வேண்டும். மூன்றாவது, ஒன்றுக்கொன்று மாறான இருவகை நோய்களில் அதனைக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் மருந்து தன் இயல்பால் குணம் தந்ததா, தற்செயலாகத் தந்ததா என்பது அப்போதுதான் விளங்கும். நான்காவது, மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஈடாக அமைதல் வேண்டும். குறைந்த அளவில் தொடங்குதல் நன்று. ஐந்தாவது, பயன் தோன்றும் காலத்தைக் கருத்துடன் நோக்குதல் வேண்டும். ஆறாவது, அப்பயன் எப்போதுமோ பெரும்பாலான தருணங்களிலோ நிகழ்தல் வேண்டும். ஒரு முறை நிகழ்ந்தது சான்றாகாது. ஏழாவது, சோதனை மனித உடலில் நிகழ்தல் வேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ கண்ட விளைவு மனிதனுக்கும் உரியதெனக் கொள்ள இயலாது.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸி (ஹிஜ்ரி 251-313 / கி.பி. 865-925), 'ஸிர்ஸாம்' என்னும் மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களுள் ஒரு சாராருக்குக் குருதி வடித்து, மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வடிக்காமல் விட்டு, இரண்டின் முடிவையும் ஒப்பிட்டதாகத் தமது 'அல்-ஹாவி'யில் குறித்துள்ளார். மருந்து பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிடாமல் எம்மருந்தின் பயனையும் உறுதிசெய்ய இயலாது என்னும் இன்றைய ஆய்வு நெறியின் வித்து அங்கே கிடக்கிறது. இவ்விருவரின் அளவுகோலை மனத்தில் கொண்டே பின்வரும் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

தாம்பூலமும் புகையிலையும்

இந்தியப் பெருங்கடலின் கரைகளில் பயணம் செய்த முஸ்லிம் அறிஞர்கள் எவரும் தாம்பூலத்தைப் பற்றி எழுதாமல் சென்றதில்லை எனலாம். அல்-மஸ்ஊதி (மறைவு ஹிஜ்ரி 345 / கி.பி. 956) இந்திய மக்களின் வெற்றிலைப் பழக்கத்தை விவரித்தார். இப்னு பதூதா, தென்னரேபியாவின் ளஃபார் நகரைப் பற்றிச் சொல்லுமிடத்தே வெற்றிலைக் கொடியின் வளர்ப்பையும், விருந்தினருக்கு அதனை அளிப்பதிலுள்ள மரியாதையையும் விரித்துரைத்தார். காயல் துறைமுகத்து மக்கள் இடைவிடாது வெற்றிலை மெல்வதை மார்க்கோ போலோவும் குறித்துள்ளார். 'தன்பூல்' என்னும் அரபுச் சொல்லும், பாக்கைக் குறிக்கும் 'ஃபவ்ஃபல்' என்னும் சொல்லும் இந்திய மொழிகளிலிருந்து சென்றவை. அரபு மருந்து நூல்கள் வெற்றிலையை ஈறுகளுக்கு உறுதி தருவதாகவும் வாய்க்கு நறுமணம் ஊட்டுவதாகவும் பாராட்டின. நம் நிக்காஹ் வைபவங்களிலும் வெற்றிலை பாக்குத் தட்டுக்கு இடம் உண்டு.

இத்தாம்பூலத்தில் பின்னாளில் சேர்ந்த புதுப்பொருள் புகையிலை. போர்த்துக்கேயர் வழியே தக்காணத்துக்கு வந்த அது, வட இந்தியாவின் அரசவைக்குச் சென்ற கதையை அஸத் பேக் என்னும் அதிகாரி தமது குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். பீஜப்பூரிலிருந்து அவர் 1604-05 அளவில் ஆக்ராவுக்குக் கொண்டுவந்த புகையிலையையும் வேலைப்பாடு மிக்க குழாயையும் பேரரசர் அக்பர் வியந்து நோக்கினார். இது மக்காவிலும் மதீனாவிலும் அறியப்பட்ட பொருள் என்றும், மன்னருக்கு மருந்தாகவே கொண்டுவரப்பட்டது என்றும் கானே அஃஸம் எடுத்துரைத்தார். அக்பர் சிறிது புகைத்தார். அப்போது அரண்மனை ஹகீம் குறுக்கிட்டுத் தடுத்தார். தங்கள் நூல்களில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றும், தங்கள் அறிஞர்கள் சோதித்து ஒப்பாத ஒரு வழக்கத்தை ஐரோப்பியர் கொண்டுள்ளனர் என்பதற்காக ஏற்றுக்கொள்ள இயலாது என்றும் அவர் வாதிட்டார். அஸத் பேக் மறுத்துரைத்தார். அவையோர் புதுமையின் பக்கம் சாய்ந்தனர். அந்த ஹகீமின் பெயரைக்கூட அஸத் பேக் எழுதிவைக்கவில்லை. 1617இல் பேரரசர் ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடை விதித்தார், தடை நிலைக்கவில்லை.

இந்நாட்டின் வாய்களை மிகுதியாக அரித்த தாவரம் அரசவைக்குள் மருந்தென்னும் பெயரோடு நுழைந்தது என்பது சிந்தனைக்குரியது. சோதனையின்றி ஏற்க மறுத்த ஹகீமின் குரலில் கானூனின் குரலே ஒலித்தது. அதே வேளையில் இன்னோர் உண்மையையும் மறைத்தல் தகாது. நூல்களில் இல்லாததை அந்த ஹகீம் ஐயுற்றது போலவே, நூல்களில் புகழப்பட்ட பாக்கையும் யாரேனும் ஐயுற்றிருக்க வேண்டும். அது நிகழ இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

நெய்யூரிலிருந்து லியோன் வரை

சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்னும் மருத்துவர் 1902இல், வாய்ப்புற்றுக்கும் வெற்றிலைப் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என எழுதினார். அப்போது தென் திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கும் நெய்யூரின் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த பெண்டால், 1,700 புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1908இல் வெளியிட்டார். அதே ஊரில் பணியாற்றிய ஆர் என்பவர், வெற்றிலை பாக்கு மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் 'லான்செட்' இதழில் விரிவாக எழுதினார். மேலைநாடுகளில் அரிதாயிருந்த இந்நோய் இங்கே மலிந்திருப்பதும், தாம்பூலத்தை அடக்கிவைக்கும் கன்னத்திலேயே கட்டி தோன்றுவதும் மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தன.

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் அமைந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலம் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என 1985இல் முடிவு கூறியது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும்கூட அதே முதல் வகுப்பைச் சேர்ந்தவை என 2004இல் வெளியான அதன் 85ஆம் தொகுதி அறிவித்தது. புகையிலையின் நைட்ரோசமைன்கள் மரபணுக்களைச் சிதைக்கின்றன. பாக்கின் அரிகோலின் முதலிய பொருள்கள் வாயின் உட்படலத்தை நார்போல் இறுகச் செய்து, வாயைத் திறக்கவே இயலாத நிலைக்கு ஆளாக்குகின்றன. அந்நிலை பின்னர்ப் புற்றாக மாறக்கூடும். வெற்றிலையோ இக்குற்றத்திலிருந்து பெரிதும் விடுபட்டது. அதிலுள்ள ஹைட்ராக்ஸி சவிக்கால் என்னும் பொருள் ஆய்வுக்கூடத்தில் காக்கும் தன்மையையே காட்டியுள்ளது. ஒரே சுருளுக்குள் நோயின் காரணமும் தடுப்பின் சாயலும் சேர்ந்திருந்தன. ஆயினும் காரணமே வென்றது. உலகில் 2022இல் தோன்றிய வாய்ப்புற்றுகளுள் ஏறத்தாழ 1,20,000, புகையற்ற புகையிலையாலும் பாக்காலும் விளைந்தவை என்றும், அவற்றுள் 83,000க்கும் மேற்பட்டவை இந்தியாவில் நிகழ்ந்தவை என்றும் 2024இல் வெளியான ஓர் ஆய்வு கணித்துள்ளது.

சூரிஞ்சானிலிருந்து யூ மரத்துக்கு

தாவரத்திலிருந்து புற்றுக்கு மருந்து பிறந்த வரலாற்றில் முஸ்லிம் மருத்துவர்கள் நன்கறிந்த ஒரு கிழங்குக்குச் சிறப்பான இடம் உண்டு. மூட்டுவாதத்துக்கு அவர்கள் பரிந்துரைத்த 'சூரிஞ்சான்' அது. 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெல்லத்தியேயும் கவாந்துவும் அதன் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1833இல் அது கால்ச்சிசின் எனப் பெயர் பெற்றது. தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இதே பொருள் உண்டு. தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் உழவர்கள் 'கண்வலிக் கிழங்கு' எனப் பயிரிடுவது இதுவே.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்குழல்களாலான ஓர் இழைக்கட்டு உருவாகிறது. கால்ச்சிசின் அக்குழல்கள் கட்டப்படுவதைத் தடுத்து, உயிரணுப் பிரிவை நடுவழியில் நிறுத்திவிடும் என்பது 1930களில் தெளிவாயிற்று. கட்டுக்கடங்காமல் பிரிவதே புற்றணுவின் இயல்பு ஆதலால், இது பெரும் நம்பிக்கையை விளைத்தது. ஆயினும் புற்றைக் கொல்லும் அளவு மனிதனையும் கொல்லும் அளவாக இருந்தமையால், கால்ச்சிசின் புற்றுநோய் மருந்தாகவில்லை. மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஈடாக வேண்டும் என்னும் நான்காம் நிபந்தனையில் அது தோற்றது. ஆனால் அது காட்டிய வழியிலேயே பிற தாவரங்கள் வந்தன.

நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியை, நீரிழிவுக்குப் பயன்படும் என்னும் நாட்டு வழக்கைக் கேட்டு, கனடாவின் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தனர். நீரிழிவுக்குப் பயன் தெரியவில்லை. ஆனால் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்தன. அந்த எதிர்பாராத விளைவைப் பின்தொடர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினை அவர்கள் வெளிப்படுத்தினர். பின்னர் வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுச் சிகிச்சையில் இன்றும் இன்றியமையாதது. மருந்து தன் இயல்பால் செய்வதையும் தற்செயலாய்ச் செய்வதையும் பிரித்தறிய வேண்டும் என்ற மூன்றாம் நிபந்தனைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு காண்பதரிது.

வாய்ப்புற்றுக்கு நேரடியாகப் பயன்பட்ட மருந்து யூ மரத்திலிருந்து வந்தது. 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் சேகரிக்கப்பட்ட பசிபிக் யூ மரத்தின் பட்டையை மன்ரோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் ஆராய்ந்து, டாக்ஸாலின் அமைப்பை 1971இல் வெளியிட்டனர். கால்ச்சிசின் நுண்குழல்கள் கட்டப்படுவதைத் தடுக்கிறது. டாக்ஸாலோ கட்டப்பட்டவை பிரியாமல் இறுக்கிவிடுகிறது என்று சூசன் ஹார்விட்ஸ் 1979இல் விளக்கினார். ஒரு சிறிய அளவு மருந்துக்கும் மரங்கள் பலவற்றை வெட்டிப் பட்டையுரிக்க வேண்டியிருந்த இடரை, ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளிலிருந்து கிடைக்கும் ஒரு மூலப்பொருளைக் கொண்டு பிரான்ஸின் பியேர் பொத்தியே குழுவினர் தீர்த்தனர், டோசிடாக்ஸெல் பிறந்தது.

இம்மருந்தைச் சிஸ்பிளாட்டின் முதலியவற்றோடு சேர்த்துத் தருவது, தலை, கழுத்துப் பகுதிகளில் முற்றிய புற்றுடையோரின் ஆயுளை நீட்டுகிறது என 2007இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள் காட்டின. ஆனால் வாய்ப்புற்றுக்கு அறுவைக்கு முன் அதனைத் தருவது ஆயுளைக் கூட்டவில்லை என 256 நோயாளிகளைக் கொண்டு சீனாவில் நிகழ்ந்து 2013இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட முடிவு நமக்கு மிக நெருக்கமானது. சிஸ்பிளாட்டினைத் தாங்க இயலாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 356 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கதிரியக்கம் மட்டும், மற்றப் பிரிவினருக்குக் கதிரியக்கத்தோடு டோசிடாக்ஸெலும் அளித்தனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் முதற்பிரிவில் 41.7 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 50.8 விழுக்காடு. ராஸியின் இரு சாராரை இங்கே மீண்டும் காண்கிறோம்.

யூனானி நூல்களில் இதயத்துக்கு வலிமை தருவதாகக் கூறப்படும் 'ஸர்னப்' என்பது யூ மரமே எனச் சில ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். ஆகவே டாக்ஸாலை இப்னு ஸீனா முன்பே அறிந்திருந்தார் என்று பெருமை பேசுவோர் உளர். அது பொருந்தாது. அவர் அதனைப் புற்றுக்குத் தரவில்லை. மேலும் தாளிசபத்திரி என்னும் பெயரில் நம் நாட்டு மருந்துக் கடைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களின் இலைகள் விற்கப்படுவதைப் போல, பழைய பெயர்களுக்கும் செடிகளுக்கும் உள்ள உறவு எளிதில் துணியத்தக்கதன்று. இச்சிக்கலை உணர்ந்தே அல்-பீரூனி தமது 'அஸ்-ஸைதனா'வில் ஒவ்வொரு மருந்துக்கும் பல மொழிகளில் வழங்கும் பெயர்களைத் தொகுத்தார், இப்னுல் பைத்தார் (மறைவு ஹிஜ்ரி 646 / கி.பி. 1248) அண்டலூசியாவிலிருந்து ஷாம் வரை நடந்து செடிகளை நேரில் கண்டெழுதினார். இல்லாத பெருமையை ஏற்றுவது இத்தகையோரின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

வேம்பு, மஞ்சள், கருஞ்சீரகம்

இந்தியாவில் மூலிகையின் வீரியப் பொருளைப் பிரித்தறியும் பணிக்கு வித்திட்டவர்களுள் மஸீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல் கான் (மறைவு 1927) முதன்மையானவர். 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்த டெல்லி ஆயுர்வேத, யூனானி திப்பிய்யாக் கல்லூரியில், ஜெர்மனியில் வேதியியல் கற்று மீண்ட ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கியைக் கொண்டு ஆய்வுப்பிரிவை அமைக்க அவர் விழைந்தார். ஸித்தீக்கி 1931இல் சர்ப்பகந்தியின் வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குத் தம் புரவலரின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். இதயத்துடிப்புச் சீர்கேட்டுக்கு அது மருந்தாயிற்று. 1942இல் அவர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தார். வேம்பின் வேதியியலை முறையாகத் தொடங்கிவைத்த பணி அது.

அவ்வழியில் பின்னர் அறியப்பட்ட நிம்போலைடு என்னும் வேம்பின் பொருளைச் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாய்ப்புற்றுக்கு எதிராகச் சோதித்தனர். வெள்ளெலி வகையான ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் வேதிப்பொருளால் புற்றை உண்டாக்கி, நிம்போலைடு அதனைத் தடுப்பதைக் கண்டனர். கருஞ்சீரகத்தின் வீரியப் பொருளாகிய தைமோகுவினோனையும் அதே பல்கலைக்கழகத்தில் அதே முறையில் சோதித்து 2010இல் வெளியிட்டனர். அங்கும் நல்விளைவே கிடைத்தது. இம்முடிவுகள் மகிழ்ச்சிக்குரியவை. எனினும் ஹாம்ஸ்டரின் கன்னம் மனிதனின் கன்னம் அன்று. சிங்கத்தையும் குதிரையையும் சுட்டி ஷேக் கூறிய ஏழாம் நிபந்தனை இன்னும் நிறைவேறவில்லை.

மஞ்சளோ அந்நிபந்தனையை ஓரளவு எட்டியுள்ளது. கேரளத்தின் திருச்சூரில் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தார் 1987இல், வெளியே புண்ணாகிய புற்றுடைய 62 பேருக்கு மஞ்சள் சாற்றையும் குர்குமின் களிம்பையும் பூசியபோது, பெரும்பாலோரிடம் துர்நாற்றமும் அரிப்பும் தணிந்தன; கட்டி சுருங்கியோர் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. தைவானில் 2001இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு 8 கிராம் வரை குர்குமினை மனிதர் தாங்கவல்லர் எனக் காட்டியது. அதில் வாயில் வெண்படலம் கொண்ட ஏழு பேருள் இருவருக்குத் திசுக்கள் சீரடைந்தன; ஒருவருக்குப் புற்றே தோன்றிவிட்டது. 2016இல் வெளியான ஆய்வு இவற்றைவிடக் கண்டிப்பானது. தென்னிந்திய மருத்துவமனைகளில் வாய் வெண்படலம் கொண்ட 223 பேருக்குக் குலுக்கல் முறையில், குர்குமின் நாளொன்றுக்கு 3.6 கிராமோ வெற்று மருந்தோ ஆறு மாதங்கள் தரப்பட்டது. குர்குமின் உண்டோரில் 67.5 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து உண்டோரில் 55.3 விழுக்காட்டினருக்கும் படலம் சுருங்கியது. கண்ணுக்குத் தெரிந்த இந்த வேறுபாடு நுண்ணோக்கியின்கீழ்த் திசுக்களில் உறுதிப்படவில்லை. வெற்று மருந்து உண்டவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்குக் குணம் தெரிந்தது என்பதை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஒப்பீடு இல்லாதிருந்தால் அவர்கள் அனைவரும் மஞ்சளுக்குச் சாட்சி சொல்லியிருப்பர்!

கருஞ்சீரகத்தைப் பற்றிய நபிமொழியை (ஸல்) முன்வைத்து, இத்தகைய சோதனைகள் தேவையா என வினவுவோர் நம்மிடையே உண்டு. மரணம் நீங்கலாக எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்னும் அந்த ஹதீஸின் பொதுச்சொல், குறித்த சில நோய்களையே கருதுகிறது என்று இமாம் அல்-கத்தாபி (மறைவு ஹிஜ்ரி 388) விளக்கினார். எல்லா இயல்புகளும் ஒரே செடியில் அமைவதில்லை என்பது அவர் காட்டிய காரணம். இவ்விளக்கத்தை இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி (ரஹ்) தமது ஃபத்ஹுல் பாரியில் எடுத்தாண்டுள்ளார். இப்னு கல்தூனோ, நபித்துவம் மார்க்கத்தைக் கற்பிக்கவே வந்தது, மருத்துவத்தைக் கற்பிக்க அன்று என்றும், உறுதியான ஈமானோடு பரக்கத்தை நாடி அம்மருந்துகளைக் கொள்வதில் பயன் உண்டு என்றும் முகத்திமாவில் எழுதினார். இக்கருத்துகள் ஒன்றோடொன்று வேறுபடினும், கருஞ்சீரகம் உண்பதைக் காரணமாக்கி வேறு சிகிச்சையை விலக்குமாறு இவர்களுள் எவரும் கூறவில்லை. நோயைத் தந்த இறைவன் அதற்கு நிவாரணத்தையும் வைத்திருக்கிறான் என்னும் நபிமொழியின் கருத்து, தேடுதலுக்கான ஊக்கமே அன்றித் தேடாமைக்கான சலுகை அன்று.

எஞ்சி நிற்பது

இவ்வரலாற்றில் வென்ற தாவரங்களையும் காத்திருக்கும் தாவரங்களையும் பிரிப்பது பெயரின் பழமையோ புனிதமோ அன்று, சோதனையின் நிறைவே. யூ மரத்திலிருந்து பிறந்த மருந்து மனிதரில், ஒப்பீட்டோடு, பலமுறை சோதிக்கப்பட்டது. ஆதலால் அது புற்றுநோய் மருத்துவரின் கையில் இருக்கிறது. மஞ்சள் பாதிவழி வந்துள்ளது. வேம்பும் கருஞ்சீரகமும் ஆய்வுக்கூடத்து வாயிலில் நிற்கின்றன. உணவில் அவற்றைக் கொள்வதில் தடையில்லை. சிகிச்சையின்போது அவற்றின் செறிந்த சாற்றையோ மாத்திரையையோ உட்கொள்பவர், தம் மருத்துவரிடம் அதனை மறைக்கலாகாது. வேதிமருந்துகளின் செயலை அவை மாற்றக்கூடும்.

வாய்ப்புற்று, உடலின் பிற உள்ளுறுப்புப் புற்றுகளைப் போல ஒளிந்து வளர்வதன்று. வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும், அதனைத் தொடக்கத்திலேயே காணலாம். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஒரு பெரும் ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்ததனால், புகையிலை, மதுப் பழக்கம் உடையவர்களிடையே இந்நோயால் நேரும் மரணம் 34 விழுக்காடு குறைந்தது என 2005இல் அறிவிக்கப்பட்டது. இதுவரை எம்மூலிகையும் இவ்வளவு சாதித்ததில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெண்மை அல்லது செந்நிறப் படலம், வாயைத் திறப்பதில் இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாடுதல் கடமை. தொடக்கத்தில் அகற்றுங்கள், பழகிய பின் இயலாது என அஸ்-ஸஹ்ராவி எழுதிவைத்து ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அவருடைய அந்த ஒரு வரியைப் பள்ளிவாசல் முற்றத்திலும் திருமண மண்டபத்திலும், குறிப்பாக அந்த வெற்றிலைத் தட்டின் அருகிலும், எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.